இரவு நோக்கிக்கு ஐரிஸ் மூடியா, துளை போட்ட மூடியா? நம்ம மலைக்கு எது சரிவரும்?

தேவாங்குத்தடம், அப்புத்தளை:

எல்லாருக்கும் வணக்கம். எங்கள் குழுவிடம் ஒற்றைக்கண் இரவு நோக்கி ஒன்று இருக்கிறது, பிவிஎஸ்-14 வகை, பச்சைத் திரை. தேயிலை மலைகளுக்கு மேலே தொங்கலில் மிஞ்சிக் கிடக்கிற காட்டுத் துண்டுகளில் தேவாங்கு இருக்கிறதா என்று பார்த்துப் பதிவு செய்யத்தான் அதைப் பாவிக்கிறோம், எழுத்தில் அனுமதி வாங்கியே போகிறோம்.

பிரச்சினை ஃபோகஸ். மரக்கிளையைப் பார்க்க முன்லென்ஸைத் தூரத்துக்கு வைத்தால் காலடி முழுக்க மங்கல். தண்ணீர் ஓடுகிற கான் எங்கே ஆரம்பிக்கிறது, கல்லுப்படி எங்கே முடிகிறது என்று தெரியாமல் தேயிலைச் செடியைப் பிடித்துக்கொண்டு தடவித் தடவி நடக்கிறோம். காலடிக்குத் திருப்பினால் கிளை போய்விடும், மறுபடி திருப்பிப் பிடிக்கிறதுக்குள் தேவாங்கு இலைக்குள் நுழைந்துவிடும். டோர்ச் அடித்தால் அது முகத்தைத் திருப்பிக்கொள்கிறது, அதனால்தான் வெளிச்சமே இல்லாமல் பார்க்கவேண்டும் என்று இந்தக் கருவிக்கே போனோம்.

முன்லென்ஸுக்குத் துளை மூடி போட்டால் கிட்டவும் தூரமும் ஒன்றாகத் தெளியும் என்கிறார்கள். மேட்பாக் கம்பெனியின் டார்சியர் எக்லிப்ஸ் மாதிரி, கமராவில் இருப்பதுபோல இதழ் இதழாகச் சுருங்கி விரியும் ஐரிஸ் வளையம் ஒரு வகை. துப்பாக்கித் தொலைநோக்கிக்குப் போடுகிற திறந்து மூடும் மூடியை வாங்கி நடுவில் துளை போட்டுக்கொள்வது இன்னொரு வகை. விலையில் மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம். பாவித்தவர்கள் சொல்லுங்கள், எங்கள் மாதிரி ஆட்களுக்கு எது?


மஸ்கெலியா மலை:

தம்பி, துளை போட்ட மூடியே போதும். நான் காட்டோரத்தில் சிறுத்தை நடமாட்டம் பார்க்கிற ஆட்களோடு போகிறவன், எங்களிடம் இரண்டு வகையும் இருக்கிறது, கையில் எடுப்பது எப்போதும் மூடியைத்தான். காரணம் வேகம். கட்டைவிரலால் தட்டினால் திறந்துவிடும், அமுக்கினால் மூடிவிடும், எந்த நிலையில் இருக்கிறது என்று இருட்டில் தொட்டாலே தெரியும். இதழ் வளையத்தைத் திருப்பிக்கொண்டே இருக்கும்போது இப்போது எவ்வளவு திறந்திருக்கிறது என்று யோசிக்கவேண்டி வருகிறது, அந்த யோசனையில் கால் தவறுகிறது.

இன்னொன்று. ஃபோகஸைத் தூரத்தில் வைக்காமல் 5 மீற்றரில் வைத்துப் பாருங்கள். அப்புறம் மூடியைப் போட்டால் காலடியும் வரும், கிளையும் வரும்.


கண்ணாடிக்கடை, ஹட்டன்:

மஸ்கெலியாக்காரர் வேகம் பற்றிச் சொன்னது சரி. ஆனால் 5 மீற்றரில் வைக்கச் சொன்னதை நான் ஏற்கமாட்டேன், ஏன் என்று கணக்கோடு சொல்கிறேன். கணக்கு சுலபம், ஒருமுறை பிடிபட்டால் எந்த மூடி வாங்குவது என்ற கேள்விக்கும் பாதிப் பதில் அதிலேயே இருக்கிறது.

இந்த வகைக் கருவியின் முன்லென்ஸ் குவியத் தூரம் கிட்டத்தட்ட 26 மி.மீ, எஃப் 1.2. அப்படியானால் ஒளி நுழைகிற வாசல், 26ஐ 1.2ஆல் வகுத்தால், ஏறக்குறைய 22 மி.மீ அகலம். ஃபோகஸை முடிவிலிக்கு, அதாவது நட்சத்திரம் புள்ளியாகத் தெரிகிற இடத்துக்கு வைத்துவிட்டீர்கள் என்று வையுங்கள். அப்போது கிட்ட இருக்கிற எந்தப் பொருளானாலும் அதன் மேல் விழுகிற மங்கலின் அளவு அந்த வாசலின் அகலமேதான். காலடியில் இருக்கிற கல்லும் 22 மி.மீ அளவுக்கு மங்கும், 4 மீற்றரில் இருக்கிற கிளையும் 22 மி.மீ அளவுக்குத்தான் மங்கும். தூரம் மாறினாலும் பொருளின் மேலே அளந்தால் மங்கல் மாறாது. காலடி மோசமாகத் தெரிவதற்குக் காரணம், கிட்ட இருக்கிற 22 மி.மீ நம் கண்ணுக்குப் பெரிய கோணமாக விரிவதுதான்.

இப்போது 5 மி.மீ துளை போடுங்கள். மங்கல் 5 மி.மீ. கானின் விளிம்பு, படியின் ஓரம், வேர், அறுந்து கிடக்கிற கம்பி எல்லாவற்றுக்கும் இது தாராளம். 3 மி.மீ போட்டால் 3 மி.மீ மங்கல். ஆகவே துளை எவ்வளவு என்று கேட்கிறவர் முதலில் தன்னைக் கேட்கவேண்டியது, கிட்டத்தில் எவ்வளவு சின்ன பொருளைப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்பதுதான். கால் வைக்க 5, 6 மி.மீ போதும். கையில் இருக்கிற வரைபடத்தின் சின்ன எழுத்தை வாசிக்க அது போதாது, அதற்கு 1 மி.மீ அளவில் போகவேண்டும், அப்போது வெளிச்சமே இருக்காது.

இனி 5 மீற்றர் விஷயம். ஃபோகஸை 5 மீற்றரில் வைத்து 5 மி.மீ துளை போட்டால், நின்றுகொண்டு குனிந்து பார்க்கிற காலடித் தூரம் 1.6 மீற்றர், அங்கே மங்கல் 3.4 மி.மீ. முடிவிலியில் வைத்தால் 5 மி.மீ. லாபம் 1.6 மி.மீ. ஆனால் 20 மீற்றரில் இருக்கிற கிளையில் என்ன நடக்கிறது? மங்கல் 15 மி.மீ ஆகிவிடும், முடிவிலியில் வைத்திருந்தால் அங்கேயும் 5தான். தேவாங்கின் உடம்பே ஒரு சாண்தான் வரும், அதில் 15 மி.மீ மங்கல் என்றால் கை எது கிளை எது என்று பிரிக்கமுடியாது. ஆகவே துளை போட்டபிறகு ஃபோகஸைத் தூரத்திலேயே விடுங்கள். காலடிக்குத் துளை வேலை செய்யட்டும், மரத்துக்கு லென்ஸ் வேலை செய்யட்டும்.

ஒரு சின்ன எச்சரிக்கை. கண் பக்கத்தில் இருக்கிற வளையத்தை இதற்காகத் தொடவேண்டாம். அது உங்கள் கண் பார்வைக்கு ஏற்ப ஒருமுறை வைப்பது, திரையில் இருக்கிற புள்ளிகள் தெளிவாகத் தெரியும்வரை. மூக்குக்கண்ணாடி போடுகிற பலர் அங்கேதான் குழப்பிக்கொள்கிறார்கள்.


மஸ்கெலியா மலை:

சரி அண்ணே, கணக்கு விளங்குகிறது. சிறுத்தை பெரிய உடம்பு, அதனால் எங்களுக்கு 5 மீற்றர் வைத்தும் ஒப்பேறியிருக்கிறது. தேவாங்குக்கு நீங்கள் சொல்வதே பொருந்தும்.


தேவாங்குத்தடம், அப்புத்தளை:

அண்ணே, மிச்சம் நன்றி, இதை யாரும் இப்படிச் சொல்லித் தந்ததில்லை. ஆனால் வெளிச்சம்? 5 மி.மீ போட்டால் எவ்வளவு இருட்டாகும்? இங்கே பாதி இரவுகள் பனிமூட்டம், மீதி இரவுகள் மப்பு.


கண்ணாடிக்கடை, ஹட்டன்:

அதுதான் இந்தப் பேச்சின் முக்கியமான இடம்.

வாசலைப் பாதியாக்கினால் ஒளி கால்வாசி. 22இலிருந்து 11 என்றால் கால்வாசி, 5.5 என்றால் பதினாறில் ஒன்று, 3 என்றால் ஐம்பதில் ஒன்றளவு. பௌர்ணமிக்கு வானம் திறந்திருந்தால் தரையில் ஒரு லக்ஸின் (வெளிச்சத்தை அளக்கிற அலகு) பத்தில் ஒரு பங்கும் அதற்குக் கொஞ்சம் மேலும் விழும். நிலா இல்லாத தெளிந்த வானத்தில் நட்சத்திர ஒளி மட்டும் என்றால் ஆயிரத்தில் ஒரு பங்கு லக்ஸ். மேகம் மூடினால் அதிலும் கீழே. இடையில் அரை நிலா இருக்கிறதே, அது பாதி ஒளி தராது, முழு நிலாவில் பத்தில் ஒரு பங்குதான் தரும். ஆகவே பௌர்ணமிப் போயா இரவில் 5.5 மி.மீ போட்டு நடப்பது, அரை நிலாவைவிடக் கொஞ்சம் குறைந்த வெளிச்சத்தில் முழுசாகத் திறந்து நடப்பதற்குச் சமம். கருவிக்குள் ஒளியைப் பெருக்குகிற டியூப் நல்லதாக இருந்தால் அது ஒன்றுமே இல்லை. அதே துளையை அமாவாசைக்கு, மரத்துக்குக் கீழே, மப்பு வானத்தில் போட்டால் திரை முழுக்கப் புள்ளி துள்ளும், வேறு எதுவும் தெரியாது.

கவனிக்கவேண்டிய ஒன்று, டியூப்பே தன் பிரகாசத்தைக் கட்டுப்படுத்திக்கொள்ளும். அதனால் வெளிச்சம் இருக்கிற இடத்தில் துளையைக் குறைத்தாலும் திரை இருண்டதாக உடனே தெரியாது, ஆனால் துள்ளல் கூடியிருக்கும். பிரகாசத்தைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள், துள்ளலைப் பாருங்கள். துள்ளல் உருவத்தைத் தின்ன ஆரம்பித்தால் துளையைப் பெரிதாக்கவேண்டிய நேரம்.

இந்தக் காரணத்துக்காகத்தான் நான் மாற்றக்கூடிய துளை பக்கம் நிற்கிறேன். ஒரே அளவுத் துளை ஒரே அளவு நிலாவுக்குத்தான் சரி. தேயிலை மலையில் திறந்த வானத்தில் நடக்கும்போது 5 மி.மீ நன்றாக இருக்கும், பத்தடி தள்ளிக் காட்டுக்குள் நுழைந்ததும் 10 மி.மீ வேண்டும், இன்னும் உள்ளே போனால் முழுசாகத் திறக்கவேண்டும்.


மஸ்கெலியா மலை:

இல்லை அண்ணே, அங்கேதான் நான் வேறுபடுகிறேன். நம்ம மலையில் இரண்டே நிலைதான் நடைமுறையில் வரும். வானம் திறந்திருக்கிறது, அல்லது இல்லை. காட்டுக்குள் நுழைந்ததும் 10 மி.மீ வைக்கிற அளவுக்கு வெளிச்சம் மிஞ்சுவது அபூர்வம், நேராக முழுத் திறப்புக்குத்தான் போவோம். அப்படியானால் தட்டினால் திறக்கிற மூடிக்கும் இதழ் வளையத்துக்கும் என்ன வித்தியாசம்? வளையம் முழுசாகத் திறந்தபிறகும் அதன் விளிம்பு கொஞ்சம் வாசலை மறைக்கிறது, மூடி முழுசாக விலகிவிடுகிறது. இருட்டு இரவில் அந்தக் கொஞ்சமும் எனக்கு வேண்டும்.

அதோடு ஈரம். நுவரெலியா 1,868 மீற்றர், ஹோட்டன் சமவெளி 2,100க்கு மேலே, நடு இரவுக்கு மேல் எல்லாவற்றிலும் தண்ணீர் கோர்க்கும். இதழ்களுக்கு இடையில் தண்ணீர் போனால் ஒட்டிக்கொள்ளும், திருப்பும்போது அடம் பிடிக்கும். மூடியில் கெட்டுப்போக என்ன இருக்கிறது?


தவளைக்காரி, இராகலை:

நான் தவளைக்காக இரவில் நடக்கிறவள், இரண்டு பேர் சொல்வதிலும் பாதி பாதி ஏற்கிறேன்.

ஈரம் பற்றி மஸ்கெலியா அண்ணன் சொன்னது முழுக்க உண்மை. ஆனால் ஈரத்தில் பெரிய எதிரி இதழ் ஒட்டுவது இல்லை, பூஞ்சணம். நனைந்த கருவியை மூடியோடு பைக்குள் வைத்து அலுமாரியில் பூட்டினால் கொஞ்ச நாளில் லென்ஸுக்குள் வேர் மாதிரி படரும், அப்புறம் துடைத்தாலும் போகாது. எந்த மூடி வாங்கினாலும் வீட்டுக்கு வந்ததும் கழற்றித் துடைத்து, கருவியையும் மூடியையும் தனித்தனியாகக் காயவைத்து, சிலிக்கா ஜெல் போட்ட இறுக்கமான டப்பாவில் வையுங்கள். இதழ்களுக்கு எண்ணெய் போடவே வேண்டாம், அது மெதுவாக லென்ஸுக்குப் பரவும்.

அப்புறம் ஒன்று. சில மூடிகளுக்கு முன்னால் ஒரு காவல் கண்ணாடி இருக்கும், சிலவற்றில் வெறும் ஓட்டைதான். இங்கே தூறல் இல்லாத இரவு குறைவு, வெறும் ஓட்டை என்றால் தூறல் நேராக லென்ஸில் விழும், சின்னத் துளைக்குப் பின்னால் ஒரு சொட்டு நின்றால் படமே போய்விடும். காவல் கண்ணாடி இருந்தால் துணியால் ஒரு துடைப்பில் முடியும். ஆனால் அந்தக் கண்ணாடியிலும் பனி படியும், அதனால் துடைக்க எட்டுகிறதா என்று பார்த்து வாங்குங்கள். ஒரு குழிக்குள் இருந்தால் விரல் போகாது.

என் வேலைக்கு மாற்றக்கூடிய துளைதான் வேண்டும். தவளை இலையில் என் முகத்துக்கு ஒரு முழத்தில் இருக்கும், அதற்கு 3 மி.மீ அளவுக்குப் போகவேண்டியிருக்கிறது, நடக்கும்போது 6, 7க்குத் திறக்கிறேன். உண்மையைச் சொன்னால் எந்தத் துளை போட்டாலும் இனம் கண்டுபிடிக்க இந்தக் கருவி உதவாது. பச்சைத் திரையோ வெள்ளைத் திரையோ, நிறம் தெரியாது. நம்ம மலைப் புதர்த்தவளைகளில் நிறமும் தொடைக் கோடும் பார்க்காமல் இனம் சொல்வது ஆபத்து. எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று கலைக்காமல் கண்டுபிடிக்க மட்டும் இதைப் பாவித்துவிட்டு, கடைசியில் சின்ன வெள்ளை வெளிச்சத்தில் ஒரு படம் எடுத்துவிட்டு விலகிவிடுவேன்.

தம்பி, ஜீபீஎஸ், நோட்டுப் புத்தகம் வாசிக்கத் துளையைச் சுருக்கவேண்டாம். ஒற்றைக்கண் கருவி தானே, மற்றக் கண் சும்மா இருக்கிறது. மங்கலான சிவப்பு வெளிச்சத்தில் அந்தக் கண்ணால் வாசியுங்கள்.


பண்டாரவளைப் பெடியன்:

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். என்னிடம் டியூப் இல்லை, டிஜிட்டல் இரவு நோக்கி, மாமா வெளிநாட்டில் இருந்து கொண்டுவந்தது. அதற்கும் இந்த மூடி வேலை செய்யுமா?


கண்ணாடிக்கடை, ஹட்டன்:

தம்பி, கணக்கு அதேதான், வாசலின் அகலம் எவ்வளவோ மங்கல் அவ்வளவு. ஆனால் இரண்டு விதமாகப் பார்க்கவேண்டும். சின்ன லென்ஸ், உருப்பெருக்கம் இல்லாத டிஜிட்டல் என்றால் வாசலே சின்னது, கிட்டத்தூரம் ஓரளவு ஏற்கெனவே தெளிவாக இருக்கும், மூடி தேவையே இல்லை. தூரத்தைக் கிட்டக் கொண்டுவருகிற 50 மி.மீ லென்ஸ் வகை என்றால் வாசல் பெரிது, மூடி போட்டால் தெளியும், ஆனால் அதைக் கண்ணில் வைத்துக்கொண்டு யாரும் நடப்பதில்லை, நின்று பார்க்கிற கருவி அது. தேவையானால் ஃபோகஸைத் திருப்பினால் போதும்.

டிஜிட்டல் சென்சர் இருட்டில் நல்ல டியூப்பைவிட முதலிலேயே திணறும், அதனால் அகச்சிவப்பு விளக்கு சேர்த்துத் தருகிறார்கள். துளையைச் சுருக்கினால் விளக்கைக் கூட்டவேண்டும். பனிமூட்டத்தில் விளக்கைக் கூட்டினால் முன்னால் வெள்ளைச் சுவர்தான் தெரியும், கார் ஹெட்லைட்டைப் பெரிசாகப் போட்டால் வருகிற அதே சுவர். 850 நானோமீற்றர் அலைநீள விளக்கின் முனை கிட்டப் பார்த்தால் மங்கலான சிவப்பாகத் தெரியும், 940 தெரியாது, ஆனால் 940க்கு உங்கள் சென்சர் இன்னும் மந்தமாக இருக்கும். மூடிக்குச் செலவழிக்கிற காசை வைத்துக்கொள்ளுங்கள்.


தேவாங்குத்தடம், அப்புத்தளை:

அக்கா, மற்றக் கண்ணால் வாசிக்கச் சொன்னது நல்ல யோசனை, நாளைக்கே குழுவில் சொல்கிறேன். அப்படியானால் எங்களுக்கு 3 மி.மீ எல்லாம் தேவைப்படாது, நடைக்கு ஒரு துளையும் காட்டுக்குள் முழுத் திறப்பும் என்றால் மஸ்கெலியா அண்ணன் சொன்ன மூடிக்கே வருகிறேனோ என்று தோன்றுகிறது. வெளியில் வாங்காமல் நாங்களே செய்தால்? கறுப்பு பிளாஸ்டிக் மூடிகள் நிறையக் கிடைக்கின்றன, முப்பரிமாண அச்சு போடுகிற ஒருவரும் ஊரில் இருக்கிறார்.


கண்ணாடிக்கடை, ஹட்டன்:

செய்யலாம், ஆனால் ஒரு விஷயம் தெரியாமல் செய்தால் மூடி போட்டும் மங்கலாகவே இருக்கும், ஏன் என்று விளங்காது.

நம் கண்ணுக்குக் கறுப்பாக இருக்கிற பொருளெல்லாம் இந்தக் கருவிக்குக் கறுப்பு இல்லை. டியூப் சிவப்பைத் தாண்டி அகச்சிவப்பின் ஆரம்பத்தையும் பார்க்கிறது. கறுப்புப் பிளாஸ்டிக் சில வகை, குறிப்பாக மெல்லியதாக இருந்தால், அந்த ஒளியை அப்படியே விட்டுவிடும். அதாவது துளையைச் சுற்றி இருக்கிற தட்டே கசியும். கறுப்புச் சாயம் ஏற்றிய அலுமினியம் சிலது அந்த ஒளியில் பளபளவென்று தெரியும், உள்பக்கம் பட்டுத் திரும்பி படத்தை வெளிறவைக்கும்.

சோதிப்பது சுலபம். டிவி ரிமோட்டின் முனையை மூடிக்குப் பின்னால் வைத்து ஒரு பட்டனை அமுக்கிக்கொண்டே மறுபக்கம் ஃபோன் கமராவால் பாருங்கள், பெரும்பாலும் முன்பக்கக் கமராவில் நன்றாகத் தெரியும். தட்டு ஊடாக ஊதா நிற மினுக்கல் தெரிந்தால் அந்தப் பிளாஸ்டிக் ஆகாது. தெரியாவிட்டாலும் அத்தோடு நம்பிவிடாதீர்கள், ரிமோட்டின் ஒளி பெரும்பாலும் 940, டியூப் அதைவிடக் குறைந்த அலைநீளத்தையும் பார்க்கும். ஆகவே இரண்டாவது சோதனை இருட்டில் கருவியிலேயே: துளையைக் கறுப்பு டேப்பால் அடைத்துவிட்டு மூடியைப் போட்டு, மங்கலான அறையில் பாருங்கள். உருவம் ஏதாவது தெரிந்தால் கசிவு. பகலிலோ பல்பு எரிகிற அறையிலோ இந்தச் சோதனையைச் செய்யவே கூடாது, கசிகிற மூடி டியூப்பைக் காப்பாற்றாது.

இன்னொன்று, மூடி லென்ஸின் கண்ணாடியை ஒட்டி நிற்கவேண்டும். பார்வைப் புலம் 40 பாகை, அதாவது நடுவிலிருந்து ஒவ்வொரு பக்கமும் 20. துளை முன்னால் தள்ளிப்போகப் போக ஓரத்துக்கு வருகிற ஒளி லென்ஸின் வாசலைத் தவறவிட்டுவிடும், படத்தின் ஓரம் வட்டமாக இருளும். காவல் கண்ணாடி போட்டு, அதற்கு மேல் வளையம் மாட்டி, அதற்கு மேல் நீங்கள் செய்த மூடி என்று அடுக்கினால் இது கட்டாயம் வரும். தவளைக்காரித் தங்கச்சி சொன்ன காவல் கண்ணாடி வேண்டும் என்றால் மூடியோடு சேர்ந்தே வருவதை வாங்குங்கள், தனியாக அடுக்காதீர்கள்.

துளையைக் குடையும்போது விளிம்பு பிசிறில்லாமல் இருக்கட்டும். நடுவில் கொஞ்சம் விலகினாலும் பெரிய பாதிப்பு இல்லை, பிசிறுதான் தூர விளக்குகளில் கோடு கோடாக ஒளி இழுக்கும்.


மஸ்கெலியா மலை:

விளக்கு என்றதும் ஞாபகம். துளை மூடி போட்டிருக்கிறோம் என்ற தைரியத்தில் வெளிச்சத்தை நேராகப் பார்க்கக்கூடாது, இதை எல்லாரும் கேட்டுக்கொள்ளவேண்டும். தோட்டத்து ரோட்டில் மோட்டார் சைக்கிள் வளைவில் திடீரென்று வரும், லயத்து முகப்பில் எல்ஈடி பல்பு எரியும். துளை ஒளியைக் குறைக்கும், ஆனால் விளக்கின் உருவம் திரையில் அதே இடத்தில் ஒரு புள்ளியாக விழுந்துகொண்டே இருக்கும், அதே இடத்தை நெடுநேரம் பார்த்தால் வடு விழலாம். லேசர் என்றால் எந்தத் துளையும் காக்காது. விளக்கைச் சுற்றித் தெரிகிற ஒளிவட்டமும் டியூப்பால் வருவது, மூடியால் மங்குமே தவிர போய்விடாது. ரோட்டுக்கு இறங்கினால் நான் கருவியை அணைத்துவிடுவேன்.

இதழ் வளையம் வாங்குகிறவர்களுக்கும் ஒரு சொல்: முழுசாகச் சுருக்கினாலும் நடுவில் ஒரு ஓட்டை மிஞ்சும் வகைதான் அதிகம். அதைப் பகல் மூடியாக நினைக்கவேண்டாம். கருவியோடு வந்த ஊசித்துளை மூடியைப் பத்திரமாக வையுங்கள்.


நெறியாளர்:

நல்ல பேச்சு, தொடருங்கள். இரண்டு விஷயம் மட்டும் இடையில் சொல்கிறேன்.

மூடி வேறு, கருவி வேறு. அமெரிக்கத் தயாரிப்பு டியூப் கருவிகள் அந்த நாட்டின் ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுக்குள் வருகிறவை, அனுமதி இல்லாமல் கைப்பையில் போட்டுக்கொண்டு வருவதும் ஏற்றுமதிதான். வெளிநாட்டில் இருக்கிற சொந்தக்காரரிடம் சொல்லி எடுப்பிக்க நினைப்பவர்கள் அவரைத்தான் மாட்டிவிடுகிறீர்கள். இங்கேயும் கொண்டுவருவதற்கு முன்பு சுங்கத்திடமும் பாதுகாப்பு அமைச்சிடமும் எழுத்தில் கேட்டு, பதிலை வைத்துக்கொண்டு செய்யுங்கள். எப்படி மறைத்துக் கொண்டுவருவது என்ற பதிவுகள் இங்கே நிற்காது.

தேவாங்கு பாதுகாக்கப்பட்ட விலங்கு. 1937க்குப் பிறகு நாலு முறைதான் கண்டதாகப் பதிவிருந்த ஹோட்டன் சமவெளித் தேவாங்கின் படம் 2010இல்தான் உலகச் செய்தியாக வந்தது. இப்படி ஒரு உயிரைப் பார்த்த காட்டுத் துண்டின் சரியான இடத்தைப் பொதுவில் எழுதவேண்டாம், படத்தோடு ஒட்டியிருக்கிற ஜீபீஎஸ் தகவலையும் நீக்கிவிட்டுப் போடுங்கள். கண்ணியும் வேட்டையும் இன்னும் இருக்கிற மலை இது. 2020இல் நல்லதண்ணியில் கண்ணியில் சிக்கிச் செத்த கருஞ்சிறுத்தையை யாரும் மறந்திருக்கமாட்டீர்கள்.


தவளைக்காரி, இராகலை:

நெறியாளர் சொன்னதற்கு நன்றி. இடத்தை எழுதாதீர்கள் என்பதை நானும் அழுத்திச் சொல்கிறேன். தோட்டத்துப் பிள்ளைகள் ஆசையாகக் காட்டித் தருகிற இடங்கள் இவை, அவர்கள் நம்பிக்கையும் அதில் இருக்கிறது.

ஒரு கேள்வி அண்ணே. எங்களோடு வருகிற ஒருவரிடம் இரட்டைக்கண் கருவி இருக்கிறது. அவர் ஒரு பக்கத்துக்கு மட்டும் மூடி போட்டு, மற்றதைத் திறந்து விடலாமா? ஒன்று கிட்டத்துக்கு, ஒன்று தூரத்துக்கு?


கண்ணாடிக்கடை, ஹட்டன்:

நின்று பார்க்கும்போது பரவாயில்லை. நடக்கும்போது வேண்டாம். ஒரு கண்ணுக்குப் பிரகாசம் குறைந்தால் மூளைக்கு அந்தக் கண்ணின் படம் கொஞ்சம் தாமதமாகப் போகும், குறுக்கே அசைகிற பொருள் உண்மையில் இருக்கிற தூரத்தில் இல்லாமல் முன்னேயோ பின்னேயோ இருப்பதாகத் தோன்றும். புல்ஃப்ரிக் விளைவு என்று இதற்குப் பெயர். கல்லுப்படியில் இறங்குகிற ஒருவருக்கு இது நல்லதில்லை. இரண்டு பக்கமும் ஒரே துளை, அல்லது இரண்டையும் திறந்து வைப்பது. இரட்டைக்கண்ணுக்கு இதழ் வளையம் வாங்கினால் இரண்டிலும் ஒரே இடத்தில் சொடுக்கென்று நிற்கிற நிலைகள் இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள், வழுக்கிக்கொண்டு திரும்புகிற வளையத்தை இருட்டில் சமப்படுத்தவே முடியாது. மஸ்கெலியாக்காரர் வளையத்தில் குறை சொன்னாரே, எவ்வளவு திறந்திருக்கிறது என்று தெரியவில்லை என்று, அதற்கும் மருந்து இந்தச் சொடுக்கு நிலைகளும் வெளியே துருத்திய ஒரு சின்ன காதும்தான். கையுறை போட்ட விரலுக்கும் அந்தக் காது எட்டவேண்டும், குளிர் மாதங்களில் கையுறை இல்லாமல் இங்கே யார் நடக்கிறார்கள்?


தேவாங்குத்தடம், அப்புத்தளை:

குழுவோடு பேசினோம். முதலில் திறந்து மூடும் மூடி இரண்டு வாங்கி ஒன்றில் 5, இன்னொன்றில் 8 மி.மீ துளை போட்டு, போயாவை ஒட்டிய இரவுகளிலும் நிலா தேய்ந்த இரவுகளிலும் நடந்து பார்க்கிறோம். இடைப்பட்ட அளவு அடிக்கடி தேவைப்படுகிறது என்று தெரிந்தால் மட்டும் இதழ் வளையத்துக்குக் காசு சேர்ப்போம். எங்கள் முன்லென்ஸுக்கு எந்த அளவு மூடி என்று எப்படிக் கண்டுபிடிப்பது? விற்கிறவர்கள் எண் போட்டிருக்கிறார்கள், ஒன்றும் விளங்கவில்லை.


மஸ்கெலியா மலை:

8 போடுகிறது நல்ல யோசனை தம்பி. நானும் ஒன்று குடைந்து பார்க்கிறேன்.


கண்ணாடிக்கடை, ஹட்டன்:

எண்ணை விடுங்கள், அளந்து பாருங்கள். வெர்னியர் அளவுகோல் தோட்டத்து வேர்க்‌ஷொப்பில் இருக்கும், கேட்டு வாங்குங்கள். முன்லென்ஸின் வெளிவிட்டத்தை ஃபோகஸ் வளையத்துக்கு முன்னால், நுனியில் அளக்கவேண்டும். குறுக்காக ஒருமுறை, நெடுக்காக ஒருமுறை. காவல் கண்ணாடி மாட்டியிருந்தால் அதையும் சேர்த்து. மூடியின் உள்விட்டம் அதைவிட மயிரிழை பெரிதாக இருந்தால் போதும், மெல்லிய ரப்பர் டேப் ஒரு சுற்றுச் சுற்றி மாட்டினால் பிடிக்கும். சின்னதை வாங்கி இறுக்கித் தள்ளினால் ஒவ்வொரு தடவை கழற்றும்போதும் ஃபோகஸ் சேர்ந்து திரும்பும்.

மூடி ஃபோகஸ் வளையத்தின் மேல் உட்காரக்கூடாது, அதற்கு முன்னாலேயே நிற்கவேண்டும். திறந்த நிலையில் மூடியின் தகடு எந்தப் பக்கம் நிற்கிறது என்பதையும் பாருங்கள். மேலே நின்றால் கிளையில் மாட்டும், வலது கண்ணில் கருவி வைக்கிறவருக்கு வெளிப்பக்கம் வலதுக்குத் திறப்பது நல்லது, மற்றக் கண்ணை மறைக்காது. கடைசியாக, மூடியை ஒரு மெல்லிய நூலால் கருவியோடு கட்டிவிடுங்கள். தேயிலைக்குள் விழுந்த கறுப்பு மூடியை விடிந்தபிறகும் தேடி எடுக்கமுடியாது.